கையுறைக்காரிக்கு நான் கொடுத்த வசனம்

அந்தப் படத்தின் கடைசியில் அவள் ஆற்றில் மூழ்கிச் சாகிறாள். பனிக்கட்டியாக உறைந்து கிடக்கிற ஆறு. மேலே நடந்து போகிறாள், விரிசல் விடுகிறது, உள்ளே போய்விடுகிறாள். தொப்பி மட்டும் வெளியே கிடக்கிறது. மராத்திக்காரர் ஊரான சிஞ்ச்வட்டில் எங்கள் குடியிருப்பின் கிளப் ஹவுஸில் இந்த இடம் வந்தபோது கை தட்டினார்கள். குழந்தைகள் இல்லை, பெரியவர்கள். மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டுப் போகலாமென்று கோயமுத்தூரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வந்திருந்த அப்பாக்கள். "வேணும் அவளுக்கு" என்று ஒருவர் சத்தமாகவே சொன்னார். மைக் என் கையில் இருந்தது. அதை அவர் தலையில் போடாமல் இருந்ததற்காக எனக்கு யாராவது மாலை போட்டிருக்க வேண்டும்.

நான் கணக்கு டீச்சர். என் குரல் ஊருக்கே கேட்கும். அதனால்தான் அந்த மைக் என்னிடம் வந்தது. எங்கள் குடியிருப்பில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. மாதம் ஒரு படம் போடுவோம். ஹிந்தி, மராத்தி, வெளிநாட்டுப் படம் எது போட்டாலும் கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடும். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மாக்களால் அதைப் படிக்க முடியாது. படிக்கத் தெரிந்த பேரப்பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்லத் தெரியாது. அதனால் நான் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் தமிழில் வாசிப்பேன். வருஷக்கணக்காக இதுதான் வழக்கம். திரையில் யாராவது வாயைத் திறந்தால் முன்வரிசை முகங்கள் நடிகரைப் பார்க்காது, என்னைப் பார்க்கும்.

அந்தக் கையுறைக்காரியை நான் முதலில் பார்த்தது நகரத்தில், ஒரு திரைப்படச் சங்கத்தின் காட்சியில். கணவர் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வதென்று தெரியாமல் லோக்கல் ரயில் பிடித்து சிவாஜிநகர் போய் கிடைத்த படத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த காலம். அது ஐரோப்பாவில் எடுத்த ஊமைப் படம். கையுறை விற்கும் கடையில் வேலை செய்கிற பெண். ஊரின் நீதிபதி தன் மனைவிக்குக் கையுறை வாங்க வருகிறார். பிறகு தனக்கு வாங்க வருகிறார். பிறகு எதுவும் வாங்காமல் வருகிறார். அளவு பார்ப்பதற்காக அவர் விரல்களில் ஒவ்வொன்றாக அவள் கையுறையை மாட்டிவிடும் காட்சிதான் அந்தப் படத்துக்கே பெயர் வாங்கிக் கொடுத்தது. அதில் அவள் ஒன்றுமே செய்வதில்லை. தன் வேலையைச் செய்கிறாள், நிமிர்ந்து பார்க்கிறாள். அந்த ஆள் வெயிலில் வைத்த வெண்ணெயாக உருகிப் போகிறார்.

இதற்கு அவளுக்குக் கிடைத்த பட்டங்கள் நாசக்காரி, குடிகெடுத்தவள், ஆளை விழுங்குகிறவள். அந்தக் காலத்து ஊமைப் பட நடிகைகள் கண்ணை உருட்டி, கையை நெஞ்சில் அடித்து, திரைச்சீலையைப் பிடித்துத் தொங்கி நடித்தார்கள். இவள் சும்மா நின்றாள். அதனால் இவளுக்கு நடிக்கவே தெரியாது, நிஜத்திலும் இவள் அப்படிப்பட்டவள்தான் என்று எழுதினார்களாம். படம் வந்த பிறகு வீட்டுக்காரர்கள் வாடகைக்கு அறை தரக்கூட யோசித்தார்கள் என்று எங்கோ படித்தேன். கொலைகாரனாக நடித்தவனுக்கு யாராவது வீடு கொடுக்காமல் இருந்திருக்கிறார்களா? படித்த அன்று எனக்கு வந்த எரிச்சலில் சாதம் அடிபிடித்துவிட்டது.

என் மாடிக்கு மேல்மாடியில் ஒருத்தி வாடகைக்கு இருந்தாள். கோயமுத்தூர்ப் பெண். கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் டிசைன் பிரிவில் வேலை. கணவனைப் பிரிந்து மகளோடு வந்தவள். மகள் பத்தாம் வகுப்பு. எங்கள் ஊர் வாடகை ஒப்பந்தம் எல்லாமே பதினொரு மாதம்தான். முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கக் குடியிருப்புச் சங்கம் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும், அதை என்ஓசி என்பார்கள். அவளுடைய ஒப்பந்தம் நவம்பரோடு முடிகிறது. மகளுக்குப் பரீட்சை மார்ச்சில். நடுவில் வீட்டைக் காலி செய்தால் அந்தப் பெண் கோந்த்வாவிலோ எங்கோ போய் உட்கார்ந்து, தினமும் பாதி நாளைப் பஸ்ஸில் கழித்துவிட்டுப் பரீட்சை எழுத வேண்டும். அவளுக்கு வேண்டியது அந்த நாலு மாதம். வேறொன்றும் இல்லை.

அந்த என்ஓசியில் கையெழுத்துப் போட வேண்டியவர் எனக்கு எதிர்வீட்டுக்காரர். குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர், திருநெல்வேலிப் பக்கம், கசார்வாடியில் ஏதோ பட்டறைக்கு மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டில் குக்கர் எத்தனை விசில் வர வேண்டும் என்பதைக்கூட அவர்தான் கூடத்தில் இருந்தபடி உத்தரவு போடுவார். கதவைச் சாத்தியிருந்தாலும் எனக்குக் கேட்கும். அந்த வீட்டு மருமகள் ஒருநாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஏன் இவ்வளவு நாள் இருந்தாள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

ஆனால் மருமகள் போனதற்குச் செயலாளருக்கு வேறு காரணம் கிடைத்துவிட்டது. ஆடி மாத மழையில் கம்பெனி வாசலில் ஆட்டோ கிடைக்காமல் நின்றுகொண்டிருந்த மேல்வீட்டுக்காரியை அவருடைய மகன் காரில் ஏற்றிவந்து இறக்கிவிட்டிருக்கிறான். ஒருமுறை. வாட்ச்மேன் பார்த்தான், வாட்ச்மேன் சொன்னான், அவ்வளவு போதும். அவள் தலைமுடியைக் கழுத்துவரை வெட்டிக்கொண்டிருப்பதும், லிஃப்டில் யாரையும் பார்த்துப் பல்லிளிக்காமல் நேராக நிற்பதும் அதற்குப் பிறகு எல்லோர் கண்ணிலும் பட்டது. முன்பும் அவள் அப்படித்தான் நின்றாள். யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

மராத்திக்காரர்கள் இதில் தலையிட மாட்டார்கள். தமிழ் வீட்டு விஷயம் எது வந்தாலும் பொருளாளர் அம்மாள் கையை உதறிவிட்டு, "தும்ச்ச தும்ஹி பகா" என்பார். உங்கள் ஆட்கள், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இது எங்களுக்குச் செய்யும் மரியாதை என்று செயலாளருக்கு நினைப்பு. இதனால்தான் இந்த மனிதர் எங்களுக்கெல்லாம் ராஜாவாகிவிட்டார்.

அக்டோபர் கடைசியில் அவள் மாடிப்படியில் என்னை நிறுத்திச் சொன்னாள். "செக்ரட்டரி வீட்டுக்கு வந்து, அவரு சம்சாரத்துகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டாப் போதும், என்ஓசி குடுத்தர்றேன்னு சொல்றாருங்க்கா."

"எதுக்கு மன்னிப்பு? மழை பெஞ்சதுக்கா?"

"தெரியலீங்க்கா. யோசிச்சுட்டு இருக்கேன்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? நீ போனேன்னா நான் உன்கூடப் பேச மாட்டேன்" என்றேன். அவள் சிரித்தாள். காய்கறிப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு மேலே போனாள்.

அடுத்த வாரம் செயலாளர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "டீச்சர், குழந்தைகள் தினத்துக்கு ஒரு ஊமைப் படம் போட்டுருவோம். ஒருத்தன் விழுந்து விழுந்து எந்திரிப்பாம்லா, அந்த மாதிரி. பிள்ளையளும் சிரிக்கும், உங்களுக்கும் வாசிக்கிற வேலை கம்மி. நீங்களே ஒன்னு எடுத்துருங்க."

ஊமைப் படம் என்றால் சிரிப்புப் படம். நம்மவர்களிடம் இது அசைக்க முடியாத நம்பிக்கை. பேச்சு இல்லாத காலத்திலும் மனிதர்கள் அழுதார்கள், ஒருவரையொருவர் ஏமாற்றினார்கள், கழுத்தை நெரித்துக்கொண்டார்கள் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். நான் திருத்தவில்லை. "எடுத்துடறேன் சார், ரொம்ப நல்ல படம் ஒன்னு இருக்கு" என்றேன். அவர் போனதும் நானே சிரித்துக்கொண்டேன். கையுறைக்காரியைக் கொண்டுவந்து அந்த ஆளின் மூக்குக்கு நேரே நிறுத்த வேண்டும். அவர் பார்த்தாக வேண்டும்.

மேல்வீட்டுக்காரி வரமாட்டேன் என்றாள். நான் விடவில்லை. நீ ஒளிந்துகொண்டால் அவர்கள் சொல்வது உண்மை என்று ஆகிவிடும், வந்து உட்கார் என்று பிடித்த பிடியில் மகளையும் அழைத்துக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். முன்னால் ஜமக்காளத்தில் குழந்தைகள், நாற்காலிகளில் பெரியவர்கள், ஓரத்தில் சமோசாத் தட்டுகள். செயலாளர் வழக்கம்போல நடுநாற்காலியில். பக்கத்தில் அவர் மனைவி. அந்த அம்மாள் எங்கே போனாலும் கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் உட்காருவார்.

படம் ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு பையன், "ஆன்ட்டி, ஃபன்னி எப்ப வரும்?" என்று கேட்டான். வரும், வரும் என்றேன். கையுறை மாட்டும் காட்சியில் கிளப் ஹவுஸில் இருமல் அதிகமானது. ஒரு அம்மா மகளின் கண்ணைப் பொத்தினாள். திரையில் நடப்பது இவ்வளவுதான். ஒரு கடைக்காரப் பெண் ஒரு வாடிக்கையாளரின் கையில் கையுறை மாட்டுகிறாள். அதற்குள் முன்வரிசை அவளைத் தீர்த்துக்கட்டிவிட்டது. "இவ சரியில்ல", "பார்வையே சரியில்லையே", "அந்த ஆளு பாவம்". நீதிபதி மனைவியை வீட்டில் தனியாக விட்டுவிட்டு இவள் வீட்டு வாசலில் கிடக்கிறான், அவன் பாவம். வாசித்துக்கொண்டிருந்த எனக்குப் பதில் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டு வாசித்தேன்.

ஊமைப் படத்தில் வசனம் கார்டில் வரும். கறுப்புத் திரையில் எழுத்து, பிறகு மறுபடியும் காட்சி. எல்லா வசனத்துக்கும் கார்டு போடமாட்டார்கள். உதடு அசையும், பார்க்கிறவர்கள் தாமே புரிந்துகொள்ள வேண்டியதுதான். எங்கள் முன்வரிசைக்கு இது பிடிபடவில்லை. உதடு அசைந்தால் டீச்சர் வாசிக்க வேண்டும்.

கடைசியில் வழக்கு நடக்கிறது. நீதிபதியின் குடும்பம் சிதைந்ததற்கு அவள்தான் காரணம் என்று ஊர் அவளைக் கூண்டில் ஏற்றியிருக்கிறது. மேலே நாற்காலியில் உட்கார்ந்து விசாரிப்பவன் அதே நீதிபதி. ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று கேட்கும் கார்டு வருகிறது. நான் வாசித்தேன். அடுத்து அவள் முகம். நெற்றிவரை வெட்டிய முடி, சலனமில்லாத கண். உதடு கொஞ்சம் அசைகிறது. கார்டு வரவில்லை.

"என்னம்மா சொல்றா?" என்றார் முன்வரிசையில் ஒருவர்.

"கார்டு வரலைங்க."

"வாய் அசையுதே! சொல்லும்மா!"

அப்போது செயலாளர் நாற்காலியில் திரும்பி உட்கார்ந்தார். திரையைப் பார்க்கவில்லை. கடைசி வரிசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மன்னிப்பு கேக்கா டீச்சர். வேற என்னத்த சொல்லுவா? அப்படியே வாசிங்க."

எனக்குக் காது சுட்டது. மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். "இல்ல சார். அவ மன்னிப்புக் கேக்கல. உங்களுக்கெல்லாம் வீட்ல வேற வேலை இல்லையான்னு கேக்கறா."

குழந்தைகள் ஹோவென்று சிரித்தார்கள். அந்தப் படத்துக்கு அவர்கள் சிரித்த ஒரே இடம் அதுதான். பெரியவர்கள் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். நாற்காலிகள் தரையில் உரசும் சத்தம் கேட்டது. எல்லோரும் கடைசி வரிசையைப் பார்த்தார்கள். மகள் கையில் பாதி கடித்த சமோசா இருந்தது. அவள் அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நினைத்தேன், இதோ இருக்கிறாள் என் கையுறைக்காரி, நிஜத்தில். பிறகு ஆறு வந்தது, பனி உடைந்தது, கை தட்டினார்கள். அதைத்தான் முதலிலேயே சொன்னேன்.

வீட்டுக்கு வந்து ஸ்ட்ராங்காக ஒரு காபி போட்டுக் குடித்தேன். ஜெயித்துவிட்ட மாதிரிதான் இருந்தது. எதிர்வீட்டில் சத்தமே இல்லை.

இரண்டு நாளில் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் வாடகைதாரர் ஒருவரின் விஷயம் எடுத்துக்கொள்ளப்படும், எல்லோரும் வரவும். நான் சண்டைக்குத் தயாராகிவிட்டேன். யார் யார் என்னென்ன கேட்பார்கள், நான் என்னென்ன சொல்வேன் என்று ஒத்திகையே நடத்தினேன். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே மனதுக்குள் செயலாளரைக் கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தேன்.

பம்ப் ரூமுக்குப் பக்கத்தில் இருக்கும் சங்க அறையில் கூட்டம். இடம் போதாமல் வாசலில் நின்றார்கள். தண்ணீர் டாங்கர், பார்க்கிங் எல்லாம் முடிந்து இவள் விஷயம் வந்தது. பொருளாளர் அம்மாள் வழக்கம்போல, உங்கள் ஆட்கள் என்று செயலாளர் பக்கம் கையைக் காட்டினார். நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

"என்னால உங்க குடும்பத்துக்கு ஏதாவது சங்கடம் வந்திருந்தா மன்னிச்சுக்குங்க."

செயலாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "சத்தமாச் சொல்லுங்க. பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

அவள் சத்தமாகச் சொன்னாள். அதே சொற்கள், ஒன்றுகூட மாறவில்லை. செயலாளரின் மனைவி கைப்பையின் ஜிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மகன் வரவேயில்லை. வாசலில் யாரோ செல்போனில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நான் எழுந்து, "இதை நான் ஒத்துக்க மாட்டேன். இவ என்ன தப்பு பண்ணினா, ஒருத்தராவது சொல்லுங்க பாக்கலாம்" என்று ஆரம்பித்தேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, உக்காருங்க."

அவ்வளவுதான். உட்கார்ந்தேன். செயலாளர் என்ஓசியில் கையெழுத்துப் போட்டு, ஊதிக் காயவைத்துக் கொடுத்தார். ஒப்பந்தம் இன்னொரு பதினொரு மாதத்துக்கு ஓடும். சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் சந்தோஷம். டீ வந்தது. நான் குடிக்கவில்லை.

நேரே அவள் வீட்டுக்குப் போனேன். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. மணியடித்ததும் பாதிக் கதவைத் திறந்து அங்கேயே நின்றாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

"உனக்கு வெக்கமா இல்லையா?" என்றேன். மாடி முழுக்கக் கேட்டிருக்கும். "அந்தாள் ரெண்டாவது தடவை சொல்லச் சொல்றான், நீயும் சொல்றே! அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி உனக்காக நான் பேசினேன். எல்லாத்தையும் கொண்டுபோய் அவன் கால்ல போட்டுட்டியே!"

அவள் முகத்தில் கோபம் வந்தது. அவளைத் தெரிந்த இவ்வளவு நாளில் நான் அதைப் பார்த்ததில்லை.

"மொதல்ல அவங்க வீட்டுக்குப் போய் அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும்னு இருந்துச்சுங்க்கா. சொல்லீட்டு வந்தர்லாம்னுதான் இருந்தேன். யாருக்கும் தெரிஞ்சிருக்காது. நீங்க அந்தப் படத்தப் போட்டு மைக்ல பேசுனதுக்கப்புறம்தான், கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொல்லுன்னாரு."

"அதுக்காக? அவன் பேசறதைக் கேட்டுட்டு நான் வாய மூடிட்டு இருக்கணுமா?"

"அவங்களுக்கு நான் அந்தப் படத்துல வர்றவளா இருக்கணும். உங்களுக்கும் நான் அவளாத்தானுங்க்கா இருக்கணும். எனக்கு மார்ச் முடியற வரைக்கும் வீடு வேணும்."

நான் வாயைத் திறந்தேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அன்னிக்கு எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாத்தாங்கல்லங்க. அதுல இருந்து என்ற பொண்ணு லிஃப்ட்ல ஏறமாட்டேங்கறா. படியிலயேதான் போறா." பிறகு உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "படிச்சிட்டிருக்கா. கதவச் சாத்திக்கறனுங்க்கா" என்றாள்.

சத்தம் வராமல் சாத்தினாள்.